தீட்டு வண்டியின் சுடுதண்ணீர்

விக்னேஸ்வரி அக்காவின் கேம்பர் வேனுக்குத் தீட்டு வண்டி என்று பெயர் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். தமிழ்ச் சங்கக் கூட்டமென்றால் முன்வரிசையில் போய் உட்காரும் திருநாவுக்கரசு ஐயாதான். அவர் தன் தாயைத் தகனம் செய்துவிட்டு வந்து தலை முழுகியது அந்த வண்டியின் தண்ணீரில். முழுகியதோடு விட்டாரா? திரைக்குள்ளிருந்து, "தங்கச்சி, கொஞ்சம் சூடு கூட்டி விடுங்கோ" என்று குரல் வேறு. அக்காவும் கூட்டிவிட்டார். சுடுதண்ணீர் தீரும்வரை மனிதர் நகரவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற சொந்தத் தம்பி பச்சைத்தண்ணீரில் நடுங்கிக்கொண்டு குளித்தார்.

அப்படிக் குளித்தவருக்கு அடுத்த வருஷமே அது தீட்டு வண்டியாகிவிட்டது. நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. எரிகிற சூட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் ரானுயியில், அக்காவின் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருக்கிறேன். திருச்சிக்காரி, நகர மையத்தில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அக்கா யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. கல்யாணமாகி ஆக்லாந்து வந்தவர், பாஷை பழகும் முன்பே ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டப் போய்விட்டார். இப்போது அங்கே ஒரு ஷிப்டுக்கே மேற்பார்வையாளர். விடியும் முன் நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கார் ஓட்டிப் போய்விட்டு, மாலையில் திரும்பி வந்தும் சும்மா உட்காரமாட்டார். அவர் கணவர் ஜெயபாலன் அண்ணன் பஸ் ஓட்டியவர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்திய அன்றே, "தனுஷா தாலி கட்டிப்போட்டு இதிலதான் போகவேணும், நான்தான் ஓட்டுவன்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாராம். தனுஷா அவர்களின் ஒரே மகள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண், "டாட், ஸோ எம்பராஸிங்!" என்று உள்ளே ஓடிவிட்டாளாம்.

மகளை ஏற்றி அதை ஓட்ட அண்ணனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். வைகுமெட்டே மயானத்தில் தகனம் முடிந்து எல்லோரும் ரானுயிக்குத் திரும்பினோம். திரும்பியவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சாவு வீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் எப்படி உள்ளே போவது? ஊரில் கிணற்றடி உண்டு, கொல்லைப்புறம் உண்டு. இங்கே குளியலறை வீட்டின் கடைசியில், கார்ப்பெட் விரித்த நடையைத் தாண்டி இருக்கிறது. அண்ணனின் தங்கை ஒருத்தி, தலைகீழாக நின்றாலும் குளிக்காமல் படி ஏறமாட்டேன் என்று மழைத் தூறலில் சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காதான் எழுந்து போனார். வேனின் பக்கவாட்டில் சின்னக் கதவு போட்ட ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே சுடுதண்ணீருக்கு ஒரு திருகு, பச்சைத்தண்ணீருக்கு ஒரு திருகு, சுருட்டி வைத்த குழாய், அதன் முனையில் ஷவர். கடற்கரைக்குப் போய்வந்தால் மணலைக் கழுவிக்கொள்ள வைத்தது. அக்கா ஒரு திரையைக் கட்டி, கேஸ் ஹீட்டரைப் போட்டு, நாத்தனாரைக் கைபிடித்து எழுப்பி, தண்ணீரைத் திறந்துவிட்டார். ஒவ்வொருவராகக் குளித்து உள்ளே போனோம். கணவனைப் பறிகொடுத்தவர் கடைசியாகக் குளித்தார்.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான். வாடகை வீட்டுக்காரர்கள், பத்தாவது மாடி பிளாட்டில் இருப்பவர்கள், வீட்டில் ஒற்றைக் குளியலறையும் ஊரிலிருந்து வந்த மாமியாரும் இருப்பவர்கள், யார் வீட்டில் சாவு என்றாலும் அக்காவின் போன் அடிக்கும். "அக்கா, வேன் வருமா?" வரும். என் மாமனார் இறந்தபோது எங்கள் வாசலுக்கும் தெருவைக் கடந்து வந்து நின்றது. யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். ஆனால் திருகில் மட்டும் யாரையும் கைவைக்க விடமாட்டார். தொட்டித் தண்ணீர் எல்லோருக்கும் வரவேண்டுமே. திரைக்கு வெளியே பெட்டி அருகில் நின்று, அவரே திறப்பார், அவரே மூடுவார்.

அந்த ஷவரைப் பராமரிப்பது என்ன சும்மாவா? தொட்டியை மருந்து விட்டு அலச வேண்டும். பம்புக்கு முன்னால் உள்ள வலையைக் கழற்றித் தேய்க்க வேண்டும். ஷவர் முகத்தின் துளைகளில் சுண்ணாம்பு பிடித்தால் வினிகரில் ஊறப்போட வேண்டும். குழாய் இணைப்பில் ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் ஒழுகும். ஒழுகினால் சுவருக்குள்ளேயே ஊறும். இதையெல்லாம் அக்காவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒருமுறை ஒழுகித்தான் கற்றுக்கொண்டார்.

குளிர்காலம் வந்தால் இன்னொரு வேலை. ரானுயியில் ஜூலை காலையில் புல்மேல் வெள்ளை பூத்திருக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் தனுஷாவுக்கு ஒஹாகுனேயில் பள்ளி ஆசிரியை வேலை. பனிமலை அடிவாரம் அது. ஒற்றை அறை வீடு. அதனால் ஒவ்வொரு ஜூலையிலும் அக்கா லீவு போட்டு, வேனை ஓட்டிக்கொண்டு போய் மகள் வாசலில் நிறுத்தி, அதிலேயே படுத்துக்கொள்வார். அங்கே குழாய்க்குள் ஒரு வாய் தண்ணீர் நின்றாலும் உறைந்து, விரிந்து, குழாயைப் பிளந்துவிடும். ஆகவே கிளம்பும் முன் தொட்டியின் அடித்திருகைத் திறந்து வடிப்பார். ஹீட்டரை வடிப்பார். பம்பை ஓடவிட்டு மிச்சத்தைத் துப்பவைப்பார். உள்ளே இருக்கிற திருகையெல்லாம் திறந்துவைப்பார். எல்லோரும் மறப்பது வெளிப் பெட்டியைத்தான். அக்கா மறக்கமாட்டார். அந்த இரண்டு திருகையும் திறந்து, காற்றடிக்கும் பம்பால் மெதுவாக ஊதி, ஷவர் குழாயைக் கழற்றி வீட்டுக்குள் தொங்கவிடுவார். கடைசியாகத் தண்ணீர் ஊற்றும் மூடியில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டுவார். வண்டி வறண்டிருக்கிறது, யாரும் ஊற்றக்கூடாது என்று அர்த்தம்.

இனி கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். தனுஷா கௌசிகனைக் காதலித்தாள். தங்கமான பையன், அதிகம் பேசமாட்டான். அவன் பெற்றோர் யாழ்ப்பாணத்தில், உடம்புக்கு முடியாமல் இருக்கிறார்கள். அதனால் இங்கே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக நின்றவர் அவன் தாய்மாமன். வேறு யார்? திருநாவுக்கரசு ஐயாவேதான்.

செப்டம்பரில் கல்யாணம் என்று முடிவானது. தனுஷா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மண்டபத்திலிருந்து அப்பாவின் வேனில் போகவேண்டும், அம்மா ஓட்டவேண்டும். சின்ன வயதில் வெட்கப்பட்டு ஓடியவள், அப்பா போன பிறகு அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கும் மனசில் வேறு ஆசை கிடையாது.

ஐயா அக்காவின் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அக்கா போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார். "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. அது தீட்டு வண்டி. செத்தவீட்டுத் தண்ணி ஓடுற வண்டியில கலியாணப் பொம்பிளையை ஏத்தேலாது. என்ர கார் இருக்கு."

நான் பக்கத்தில் இருந்தேன். வாய் கூசவில்லையா என்று கேட்க எழுந்துவிட்டேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"என்ன செய்தா தீட்டுப் போகும், அண்ணை?" என்றார்.

"அந்தக் குளிக்கிற பெட்டியைக் கழட்டி எறியுங்கோ."

"அது ஏலாது."

ஐயா மீசையைத் தடவினார். பிறகு, தானே தீர்த்தம் கொண்டுவந்து சுத்தி செய்து தருவதாகவும், அதற்குப் பிறகு சாவுக்கு வண்டி போகாமல் இருந்தால் யோசிக்கலாம் என்றும் பெரிய மனது பண்ணினார். அக்கா மகளுக்காகத் தலையாட்டினார். உள்ளேயும் வெளியேயும் தெளித்துவிட்டுப் போகச் சொல்லிச் சாவியையும் கொடுத்தார். "உங்களுக்கென்ன பைத்தியமா அக்கா?" என்று ஐயா போனதும் கத்தினேன். "பிள்ளையின்ர விஷயம் பிரியா. நாலு துளி தண்ணி தெளிச்சா எனக்கென்ன குறைஞ்சா போகும்?" என்றார்.

நாலு துளியா? கேளுங்கள். ஒஹாகுனேக்குக் கிளம்புவதற்காக அக்கா வேனை வடித்துச் சிவப்பு நூல் கட்டியிருந்த வாரத்தில்தான், அவர் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து ஐயா வந்திருக்கிறார். மஞ்சள் கரைத்த தண்ணீர், கோயில் தீர்த்தம், பன்னீர் எல்லாம் கலந்து பெரிய வாளி. மேலே தெளித்தால் போதுமா, தீட்டு இருப்பது குழாய்க்குள் அல்லவா? மூடியில் சிவப்பு நூலைப் பார்த்திருக்கிறார். யாரோ காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று பக்தியோடு அவிழ்த்து, வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றியிருக்கிறார். கீழே மஞ்சளாக வழிந்திருக்கிறது. தீர்த்தம் காலில் மிதிபடலாமா? குனிந்து அடித்திருகை மூடிவிட்டார். பம்பைப் போட்டிருக்கிறார். வெளிப் பெட்டியிலிருந்து பீய்ச்சி அடித்திருக்கிறது. அதையும் மூடி, உள்ளே இருக்கிற திருகுகளையும் மூடி, குழாய் முழுக்கத் தீர்த்தம் நின்ற திருப்தியில், அந்தச் சிவப்பு நூலைப் பழையபடி மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

நூல் இருந்த இடத்தில் இருந்தது. அக்கா எதற்குச் சந்தேகப்படுவார்? ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒஹாகுனேயில் இரண்டாம் நாள் உறைபனி. வெயில் ஏறிய பிறகு அக்கா மகளோடு கஞ்சி குடித்துவிட்டு வந்து வேன் கதவைத் திறந்தால், மெத்தையெல்லாம் மஞ்சள். வெளிப் பெட்டியின் பின்னால் குழாய்கள் சேரும் பாகம் நீளமாகப் பிளந்திருந்தது. பம்பின் தலை விரிசல். ஜெயபாலன் அண்ணன் தன் கையால் அடித்த உட்சுவர்ப் பலகை ஊறி உப்பியிருந்தது. போனில் அக்கா என்னிடம் அதைச் சொன்னபோது அழுதார். அண்ணன் போன அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஐயாவிடம் கேட்டபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஓம், நான்தான் விட்டனான். உள்ளுக்குப் போகாட்டி அது என்ன சுத்தி? தீர்த்தம் விட்டும் வெடிச்சதெண்டா, பாருங்கோ, அந்த வண்டியில எவ்வளவு தீட்டு இருந்திருக்கும்! சகுனம் சரியில்லை, தங்கச்சி. அந்த வண்டியை மண்டபத்துப் பக்கமே கொண்டுவராதேங்கோ."

செய்ததையும் செய்துவிட்டு, அதையே சாட்சியாகவும் வைத்துக்கொண்டார்! மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? கிடையாது. பனியில் தண்ணீர் உறையும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் திரும்பத் திரும்ப விளக்கினோம். அவர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

ஆகஸ்ட் முழுக்கச் சனி ஞாயிறுகளில் அக்காவும் நானும் அந்த வேனுக்குள் கிடந்தோம். ஹென்டர்சனில் பாகம் வாங்கி வந்து மாட்டினோம். நான் டார்ச் பிடிப்பேன், அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவார். பம்பு வலையில் மஞ்சள் களிம்பாக அப்பியிருந்தது. ஷவரின் ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தி எடுத்தோம். தொட்டியை எத்தனை தடவை அலசினாலும் இளமஞ்சளாகவே வந்தது. ஒருநாள் தெளிவாக வந்தபோது அக்கா அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "காணும், போதும். இனி ஆரும் குளிக்கலாம்" என்றார். மகளை ஏற்றிப்போவதைப் பற்றி அவர் பேசுவதையே விட்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். அக்கா வீடு முழுக்கப் பெண்கள், பலகாரம். தனுஷா இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். ஐயா தன் காருக்கான ரிப்பனையும் பூவையும் காட்டுவதற்காக வந்திருந்தார். அப்போது அக்காவின் போன் அடித்தது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அக்காவின் கையெல்லாம் மாவு.

மனோஜ் என்று ஒரு மாணவன், மதுரைப் பக்கம். நகர மையத்தில் பிளாட்டில் இருப்பவன். அவனுடைய அறைத்தோழன் விபத்தில் போய்விட்டான். பெற்றோருக்கு விசா கிடைக்கவில்லை. பையன்களே நின்று தகனம் முடித்துவிட்டு, வைகுமெட்டேயில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, உங்க வேன் பத்திச் சொன்னாங்க. அவங்க அம்மா வீடியோல எல்லாத்தையும் பார்த்துட்டே இருந்தாங்க. கடைசியா, குளிச்சிட்டீங்களாப்பான்னு கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல." என்றான் மனோஜ்.

அக்கா கையைக் கழுவினார். ஹீட்டருக்கு கேஸ் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இருந்தது.

ஐயா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, கலியாண வீடு! இண்டைக்கு அந்த வண்டி மயானத்துக்குப் போனா, நாளைக்கு நான் பொறுப்பில்லை. உந்தத் தீட்டை வாசல்ல கொண்டுவந்து விடப்போறியளோ?"

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். அக்காவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"அண்ணை, உங்கட அம்மா செத்த அண்டைக்கு நீங்க இந்த வண்டியிலதானே குளிச்சனீங்கள்? குளிச்சுப்போட்டு நல்லா வீட்டுக்குள்ள போனீங்கள், சாப்பிட்டீங்கள். அப்ப உங்கட தீட்டு எங்க போனது? இந்த வண்டியில விட்டுட்டுப் போனீங்கள் எண்டா, அது உங்கட சாமான். வாங்கோ, எடுத்துக்கொண்டு போங்கோ. மற்ற ஆக்களின்ரய நான் பாத்துக்கொள்ளுறன்."

முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. தனுஷா மருதாணிக் கையை விரித்தபடியே எழுந்து வந்தாள்.

"கோ, அம்மா. அந்த போய்ஸ் வெயிட் பண்ணுறாங்க." பிறகு ஐயாவின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "நாளைக்கு நான் இந்த வான்லதான் போவன். இல்லாட்டி நடந்து போவன்."

அக்காவும் நானும் போனபோது அந்தப் பையன்கள் கறுப்புச் சட்டையில், மயானத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா திரையைக் கட்டி, தண்ணீரைக் கையில் விட்டுப் பார்த்துச் சூடு சரிசெய்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். யாரையும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மனோஜ் ஈரத் தலையோடு ஊருக்குப் போன் போட்டு, "குளிச்சிட்டோம்மா" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை வேனைக் கழுவித் தொட்டியை நிரப்பி, கதம்ப மாலையும் போட்டேன். தாலி கட்டி முடிந்து வெளியே வந்தபோது, நினைத்தபடியே ஐயாவின் கார் ரிப்பனோடு முன்னால் நின்றது. கௌசிகன் என்ன செய்வானோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் தனுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நாங்க வான்ல வாறம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். விடிகாலை மழையில் ஊறிய புல்தரையில் வெறுங்காலோடு நடந்து போய் இருவரும் ஏறினார்கள். அக்கா பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். ஐயாவின் அலங்காரக் கார் மணமக்கள் இல்லாமல் பின்னாலேயே வந்தது.

பால் பழம் கொடுப்பதற்கு ஐயாவின் வீட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. ஈஸ்ட் டாமாக்கி பக்கம் புது டவுன்ஹவுஸ். வாசலில் அவர் மனைவி அன்னம் ஆரத்தித் தட்டோடு நின்றார். மணமக்களின் காலைப் பார்த்ததும் தட்டோடு வழியை மறித்தார். "ஐயோ, சேத்துக் காலோட ஏறாதேங்கோ! வெள்ளைக் கார்ப்பெட்!" வெளியே ஒரு குழாயும் இல்லை.

அக்கா வேனின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தார். கௌசிகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து தனுஷாவின் காலைக் கழுவினான். அவள் அவன் காலில் தண்ணீர் விட்டாள். கூச்சத்தில் சிரித்துத் துள்ளினாள். எங்கள் கால்களையும் கழுவிக்கொண்டோம். அன்னம் அம்மாகூட வந்து காலை நீட்டினார். ஆவி பறக்க, தெளிந்த தண்ணீர். ஆரத்தி எடுத்து முடிந்ததும் மற்றவர்கள் உள்ளே போனார்கள்.

கடைசியாக ஐயா நின்றார். மண்டபத்துப் புல்லில் அவரும் வெறுங்காலோடுதான் நடந்திருந்தார்; கணுக்கால்வரை சேறு. உள்ளே பார்த்தார், கார்ப்பெட்டைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. ஒரு காலை மெதுவாக ஷவருக்குக் கீழே நீட்டினார்.

"தங்கச்சி, கொஞ்சம் சூடா விடுங்கோ" என்றார்.

அக்கா இரண்டு திருகையும் மூடினார். குழாயைச் சுருட்டி உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.

"தண்ணி முடிஞ்சுது, அண்ணை."

காலையில் தொட்டியை நிரப்பியது நான்தான். பாதிக்கு மேல் இருந்தது.